தம்பி என்பதற்கு அத்தாட்சி

மே/பா அண்ணாதுரை மளிகைக் கடை,
கிள்ளான், மலேசியா.
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தபால்காரர் இந்த உறையை நீட்டியதும் முதலில் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். அப்புறம்தான் கோபம் வந்திருக்கும். என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். உன் பெண் கவியாவும் என்னோடு பேசக் கூடாது என்று உத்தரவாம். சரி. சின்ன வயதில் காய் விட்டால் நாம் என்ன செய்வோம்? வாய் திறக்கக் கூடாது, ஆனால் சிலேட்டில் எழுதிக் காட்டலாம். அந்தச் சட்டத்தைப் போட்டதே நீதான். அதனால் எழுதுகிறேன்.

குடியரசு தினத்தன்று கிராம சபையில் நீ பேசிய வீடியோவை மாமா நம் குடும்ப குரூப்பில் போட்டிருந்தார். நீலப் புடவை, கையில் மைக். நம் வீட்டுப் பெண் வார்டு மெம்பராக நின்று பேசுவதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. "எல்லை தாண்டி திருட்டுத்தனமா வந்தவனுக்கெல்லாம் நம்ம வரிப்பணத்துல தண்ணி, ஊசி, மருந்தா? பேப்பர் இல்லாதவன் லிஸ்ட்ட எடு, வெளிய அனுப்பு" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள்.

"வயித்துப் பொழப்புக்கு வந்தவங்கள ஏன்க்கா வெரட்டுற?" என்று நான் குரூப்பில் எழுதினேன். பெரியப்பா வீடு, சித்தி வீடு எல்லாம் பார்க்கும் இடத்தில் எழுதியது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எழுதின விஷயத்துக்குக் கேட்க மாட்டேன்.

இங்கே எல்லாம் நலம். சூப்பர்வைசர் வேலை என்பதால் அலைச்சல்தான் ஜாஸ்தி. உன் கையால் வைத்த கருவாட்டுக் குழம்பு வேண்டும் போல இருக்கிறது.

உன் தம்பி,
ஜீவானந்தம்

*

புதுமேடு, ஒரகடம் வழி.
28.2.2025

டேய் ஜீவா,

காய் இன்னும் காய்தான். சிலேட்டில் பதில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நீ அங்கே ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவாய். இங்கே வந்து பார். நம் அங்கன்வாடி இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. இப்போது அறுபத்தொன்று வருகிறது. ஆயா ஒரே ஒருத்தி. தண்ணீர்த் தொட்டி முந்நூறு வீட்டுக்குக் கட்டியது. அதே தொட்டியில் இன்று ஆயிரம் குடும்பம் குடிக்கிறது. புதன்கிழமை ஊசி போடுகிற நாளில் நம் நர்ஸ் மெர்சிக்குக் காலையில் தொடங்கினால் மூன்று மணி வரைக்கும் சோறு கிடையாது. நம் ஊர்ப் பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அவர்கள் என்னிடம்தானே வந்து கத்துவார்கள்? உன்னிடமா கத்துவார்கள்?

கம்பெனிக்கு நிலம் கொடுத்தது நாம். அப்பாவின் இரண்டு ஏக்கரும் அதில்தான் போனது. நம் பிள்ளைகள் வேலை கேட்டுப் போனால், கான்ட்ராக்டில் ஆள் நிரம்பிவிட்டது என்கிறார்கள். பேப்பரோடு வருகிறவனை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பீகார்க்காரனோ ஒடிசாக்காரனோ, எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் நம் நாட்டுக்காரன். கள்ளத்தனமாக வந்து, யார் பேரிலோ ஆதார் வாங்கி உட்கார்ந்திருக்கிறானே, அவனைத்தான் சொல்கிறேன். அவனுக்கும் சேர்த்து நாம் ஏன் அழ வேண்டும்?

ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம் என்று நான் இருக்க முடியாது. அதனால் ஆறு வருஷமாக ஊரில் இல்லாத உன் பேரை ரேஷன் கார்டிலிருந்தும் ஓட்டர் லிஸ்டிலிருந்தும் நானே எழுதிக்கொடுத்து எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இனி நல்ல சேதி. கவியாவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. பேர் அன்பு. கார் கம்பெனியில் லைன் இன்ஜினியர். ஆவணி 13, ஆகஸ்ட் 29. சுங்குவார்சத்திரத்தில் மண்டபம் பேசியாகிவிட்டது. தாய்மாமன் நீ மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தால்தான் அவள் மேடை ஏறுவாள். லீவு இப்போதே சொல்லி வை.

ஒன்று கேட்க வேண்டும். சூப்பர்வைசருக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடையாதா? ஏன் எப்போதும் மளிகைக் கடை விலாசமே கொடுக்கிறாய்?

காவேரி

*

கிள்ளான்.
22.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடை வாசலில் நின்றபடியே உன் கடிதத்தைப் படித்தேன். கவியாவுக்குக் கல்யாணம் என்றதும் அண்ணாதுரை அண்ணனைக் கட்டிக்கொண்டேன். அவர் கையில் முட்டை அட்டை. நான்கு முட்டை போனது. என் தோளில் உட்கார்ந்து கோயில் தேர் பார்த்த பிள்ளைக்குக் கல்யாணமா!

நீ சொன்ன அங்கன்வாடி விஷயம் நியாயம். ஒரு ஆயா அறுபது பிள்ளையைப் பார்க்க முடியாது. அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் அந்த அறுபதில் எத்தனை பிள்ளை எல்லை தாண்டி வந்தது என்று யாருக்காவது தெரியுமா? சோப்பு வாங்கினாலும் போனுக்கு ரீசார்ஜ் போட்டாலும் அவர்களும் வரி கட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

இன்னொன்று. கோபப்படாமல் படி. அக்கா, பத்து ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறாய். பஞ்சாயத்து நோட்டில் மட்டும் அது இன்னும் அப்பா கட்டின ஒரே ஓட்டு வீடுதானே? வரிப்பணம், வரிப்பணம் என்று மைக்கில் கத்துகிறாயே, உன் வரிப்பணம் எங்கே?

நீ இந்தக் காகிதத்தைக் கிழிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது.

லீவு விஷயம் கொஞ்சம் கஷ்டம் அக்கா. ஆகஸ்டில் ஆர்டர் அதிகமாக இருக்கும். கடைசி நேரத்தில்தான் தெரியும். நான் வராவிட்டால் மாலையைச் சித்தப்பா போடலாம் இல்லையா? விலாசம் கடைக்கே இருக்கட்டும். இங்கே அனுப்பினால்தான் தவறாமல் என் கைக்கு வரும்.

ஜீவா

*

புதுமேடு.
20.5.2025

ஜீவா,

நீ எழுதினதை நான் கிழிக்கவில்லை. பீரோவில்தான் வைத்திருக்கிறேன். இந்த ஏரியாவில் லைன் வீடு கட்டின எல்லோரும் அப்படித்தான் வரி கட்டுகிறார்கள். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். வேறு ஒரு விஷயம் மனதைப் போட்டு அறுக்கிறது. உன் மாமாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

இந்த மாசம் தொடக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களைத் தேடி செக்கிங் வந்தது. ஏட்டு முனிரத்தினம் என்னிடம் வந்து, "மேடம், சபையில பேசுனீங்களே, சந்தேகமா கீறவங்க லிஸ்ட் இருந்தா குடுங்க" என்றார். நான் கொடுத்தேன். பதினொரு பேர். எப்படி எழுதினேன் தெரியுமா? வங்காளம் பேசுகிறவன் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் என்று எழுதினேன். நம் ஏழாம் நம்பர் ரூம் பிகாஷ் பேரும் அதில் இருந்தது. வார்ப்பட ஆலையில் வேலை செய்கிறான், உனக்கு எழுதியிருக்கிறேனே. என்னை 'திதி' என்று கூப்பிடுவான். அக்கா என்று அர்த்தமாம்.

அவர்களைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்த இடம் எது என்று எனக்குத் தெரியாது. நான்காம் நாள் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க மண்டபத்துக்குப் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் அந்தப் பதினொரு பேரையும் பந்திப் பாய் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நம் மண்டபத்தில்தான்டா, ஜீவா. கவியா கல்யாணத்துக்குப் பந்தி போடப்போகிற அதே இடத்தில். பிகாஷ் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நான் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

அவனுக்கு மேற்கு வங்காளத்தில் மால்டா பக்கம் ஊர். வெள்ளத்தில் பழைய காகிதம் எல்லாம் போய்விட்டதாம். கையில் இருந்த ஆதார் மட்டும் போதாது என்கிறார்கள். அவன் போனில் அவனுடைய அக்காவைப் பிடித்து, போனை என் கையில் கொடுத்துவிட்டான். அந்தப் பெண் ஏதேதோ சொல்லி அழுதாள். ஒரு வார்த்தை புரியவில்லை. எல்லாம் புரிந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக் காகிதத்தை அவள் தேடிப்பிடித்து அனுப்ப ஆறு நாள் ஆனது.

பதினொரு பேரில் பத்துப் பேர் நம் நாட்டுக்காரர்கள். விட்டுவிட்டார்கள். ஒருவன் மட்டும் நிஜமாகவே அந்தப் பக்கத்து ஆள். மூன்றாம் நம்பர் ரூமில் இருந்தான், நம் தண்ணீர் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டிக்கொடுத்தவன். அவனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்போது நான் சொன்னது தப்பில்லைதானே? ஒருவன் இருந்தானே? இதைத்தான் எனக்குள்ளே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

பிகாஷ் திரும்ப வந்ததிலிருந்து என்னைத் திதி என்று கூப்பிடுவதில்லை. 'மேடம்' என்கிறான்.

நீ வருகிறாயா இல்லையா? மாலையைச் சித்தப்பா போடுவார் என்ற பேச்சை இன்னொரு தரம் எழுதாதே.

காவேரி

*

கிள்ளான்.
6.6.2025

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். உட்கார்ந்து படி. மாமா பக்கத்தில் இருந்தால் நல்லது.

நான் சூப்பர்வைசர் இல்லை. ஏசி ரூமும் கிடையாது. ஏஜென்ட் அனுப்பின சாப்பாட்டுக் கடையை கொரோனா சமயத்தில் மூடிவிட்டார்கள். பெர்மிட்டைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று பாஸ்போர்ட்டை வாங்கிப்போன ஏஜென்ட்டை அப்புறம் பார்க்கவே முடியவில்லை. நான்கு வருஷமாக என்னிடம் பேப்பர் இல்லை. கார் கழுவும் கடையில் வேலை செய்கிறேன். நீ ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறாயே, கூலிங் கிளாஸ் போட்டு சிவப்புக் கார் பக்கத்தில் நிற்கிற போட்டோ, அது நான் கழுவின கார். இமிகிரேசன் லாரி வருகிறது என்றால் பின்பக்கச் சாக்கடையைத் தாண்டி ஓடுவேன். அண்ணாதுரை அண்ணன் கடைக்கு மேல் இருக்கிற பலகை அறையில்தான் படுக்கை. இந்த விலாசத்தைத் தவிர எனக்கு வேறு விலாசம் கிடையாது.

நீ மைக்கில் சொன்ன ஆள் நான்தான் அக்கா. உன்னை எதிர்த்து அன்றைக்கு எழுதினேனே, பிகாஷுக்காக எழுதினேன் என்று நினைத்தாயா? எனக்காகத்தான் எழுதினேன்.

போன வருஷம் ஓடும்போது விழுந்து கால் முறிந்தது. 'வழுக்கிவிட்டது' என்று உனக்குச் சொன்னது அதைத்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். ஒரு நர்ஸம்மா தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். வெளிநாட்டுக்காரன் என்பதால் பில் பெரிது. பாதிதான் கட்டினேன். மீதியை விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். இந்த ஊர்க்காரர்களின் வரிப்பணத்தில் கட்டின காலில்தான் நான் நடக்கிறேன்.

நான் சாப்பிடுகிற கடைக்கு லிம் என்று ஒரு சீனப் பெரியவர் வருவார். தன் தட்டில் இருக்கிற மீனை எடுத்து என் தட்டில் வைப்பார். வைத்துக்கொண்டே, பேப்பர் இல்லாதவர்களால்தான் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைப்பதில்லை, எங்கள் வரி எல்லாம் அவர்களுக்கே போகிறது என்பார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. அவர் மனைவி அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாள் முழுக்கக் காத்துக் கிடந்தவர். பெரியவர் பேசும்போது உன் குரல்தான் கேட்கும். அவரை வெறுக்க முடியவில்லை, உன்னையும் முடியவில்லை. மீனைத் தின்றுவிட்டுத் தலையாட்டுவேன்.

பேப்பர் இல்லாதவர்கள் தாங்களாகவே வந்து பதிந்து, அபராதம் கட்டினால் வழக்கில்லாமல் ஊருக்கு அனுப்புகிறோம் என்று இங்கே திட்டம் அறிவித்திருக்கிறார்கள். நான் போகவில்லை. பயம் அவர்களிடம் இல்லை. ஊரே கைதட்டின வார்டு மெம்பர் வீட்டுக்கு இப்படி ஒரு தம்பி வந்து நின்றால் உன் முகம் எப்படிப் போகும் என்றுதான்.

கவியாவிடம் சொல்லாதே.

ஜீவா

*

புதுமேடு.
21.6.2025

திருட்டுப் பயலே,

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு உன் மாமா, தான் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸை ஸ்ரீபெரும்புதூரில் இருபது நிமிஷம் லேட்டாக எடுத்தார். பத்து வருஷத்தில் முதல் தடவை.

நான்கு வருஷம்! கால் முறிந்து கிடந்திருக்கிறாய். யாரோ ஒருத்தி கஞ்சி கொடுத்திருக்கிறாள். நான் இங்கே உன் போட்டோவுக்கு ஃப்ரேம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். என் முகம் எப்படிப் போனால் உனக்கென்னடா? முகம் போனால் கழுவிக்கொள்வேன். தம்பி போனால் நான் எங்கே போய் வாங்குவேன்?

இப்போது சொல்வதைக் கேள். நாளைக்கே போய்ப் பதிந்துகொள். தனியாகப் போகாதே. அண்ணாதுரையை உடன் கூட்டிப் போ. உன் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மண்டபத்தில் பிகாஷ் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அப்புறம் ஆஸ்பத்திரி பாக்கி. அதைக் கட்டிவிட்டுத்தான் வர வேண்டும். இதில் நான் மாறவே மாட்டேன். அது யாரோ உழைத்துக் கட்டின பணம். அந்த லிம் தாத்தாவின் பணம். கவியாவிடம் சொல்லிவிட்டேன், நீ சொல்லாதே என்றாலும். "ஒரு ஜோடி வளையல் கொறஞ்சா இன்னாமா? மாமா வரணும்" என்றாள். பணம் அண்ணாதுரை பேருக்கு வருகிறது.

அக்கா

*

கிள்ளான்.
13.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதிந்துவிட்டேன். அண்ணாதுரை அண்ணன் கடையை மூடிவிட்டு உடன் வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிப் பணத்தையும் கட்டிவிட்டேன். கவுன்டரில் இருந்த பெண் ரசீதை இரண்டு தரம் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள். அந்தக் கஞ்சி நர்ஸம்மாவைத் தேடினேன். வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம்.

கடைசியில் லிம் பெரியவரிடமும் சொன்னேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் வழக்கம்போல வந்து உட்கார்ந்து மீன் துண்டை என் தட்டில் வைத்தார். வைத்துவிட்டு, "போய்ச் சேர்" என்றார்.

ஒரே ஒரு சிக்கல். பாஸ்போர்ட் இல்லாததால் நான் இந்தியன்தான் என்று ஊரில் விசாரித்துச் சொல்ல வேண்டுமாம். அப்புறம்தான் நம் தூதரகத்தில் பயணக் காகிதம் கொடுப்பார்கள். ரேஷன் கார்டில் பேர் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஓட்டர் லிஸ்ட்? அதிலும் இல்லை. யார் எடுத்தது என்று கேட்டார்கள். என் அக்கா என்றேன். அந்த ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

விசாரணைக்கு நம் வீட்டுக்குப் போலீஸ் வருவார்கள். பதில் சீக்கிரம் வந்தால் ஆகஸ்ட் 25-ஆம் தேதிக்குள் விமானம். வராவிட்டால் கல்யாணம் முடிந்துதான்.

உன் நியாயமே என்னை இங்கே நிறுத்திவைத்திருக்கிறது என்று சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. பயமாக இருக்கிறது அக்கா.

ஜீவா

*

புதுமேடு.
5.8.2025

என் ராசா ஜீவா,

நேற்று வந்தார்கள். வந்தது யார் தெரியுமா? அதே ஏட்டு முனிரத்தினம். கையில் உன் போட்டோ ஒட்டின காகிதம். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, கண் உள்ளே போய்... அடையாளம் கண்டுபிடிக்க எனக்கே ஒரு நிமிஷம் பிடித்தது. அந்த ஒரு நிமிஷத்தை அவரும் பார்த்துவிட்டார்.

"மேடம், இந்த ஆளு யாரு?"

"என் தம்பி சார்."

"அதுக்கு இன்னா ப்ரூஃப் கீது?"

பிகாஷிடம் இதையேதான் கேட்டார்கள். பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர் நகல், அப்பா அம்மாவோடு நீ நிற்கிற பழைய படம், தெருவில் இரண்டு பேர் கையெழுத்து எல்லாம் தயாராகத்தான் வைத்திருந்தேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். "நடேசன் மவன் ஜீவானந்தம்னு ஒருத்தர் இந்த வூட்ல பொறந்தாரு, சரி. அங்க கிள்ளான்ல குந்திகினு கீறவரு அவருதான்னு நான் எப்டி எழுதுறது? நாளைக்கி என் தலை உருளும் மேடம்" என்றார். ஃப்ரேம் போட்ட போட்டோவைக் கழற்றிக் கொடுத்தேன். நீதான் கூலிங் கிளாஸில் பாதி மூஞ்சியை மறைத்துவைத்திருக்கிறாயே!

மனிதர் சொல்வதில் தப்பில்லை. நான் அவரிடம் கேட்ட வேலையைத்தான் அவர் செய்கிறார்.

அப்போதுதான் பீரோ ஞாபகம் வந்தது. உன் கடிதங்களை எல்லாம் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் காகிதத்தில் இருந்த விலாசமும் உறையில் இருந்த விலாசமும் ஒன்று. அதே மளிகைக் கடை. உறை, முத்திரை, தேதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் ஒரு கடிதத்தை உருவி, என்னைக் கேட்காமலே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். உருவினது மார்ச் மாசத்துக் கடிதம்.

"'அக்கா, பத்து ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறாய். பஞ்சாயத்து நோட்டில் மட்டும் அது இன்னும் அப்பா கட்டின ஒரே ஓட்டு வீடுதானே? வரிப்பணம், வரிப்பணம் என்று மைக்கில் கத்துகிறாயே, உன் வரிப்பணம் எங்கே?'"

அடுப்படியில் இருந்து உன் மாமா எட்டிப் பார்த்தார். வாசலில் தண்ணீர் பிடிக்க வந்த நான்கு பேர் குடத்தை வைத்துவிட்டு நின்றுவிட்டார்கள். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. ஏட்டு கண்ணாடியைக் கழற்றினார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மேடம், கூடப் பொறந்தவன் தவுர வேற எவன் இப்டி எழுதுவான்? இவுரு உங்க தம்பிதான். எழுதிக்கிறேன்."

எழுதிக் கையெழுத்துப் போட்டு, என் கண் முன்னாலேயே உறையில் வைத்தார்.

இன்று காலையில் ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே போய் நின்று, பத்து ரூமுக்கும் வரி போடச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டேன். எல்லோரும் கேட்ட பிறகு வேறு வழி? அப்படியே மற்ற லைன் வீட்டுக்காரர்கள் பேரையும் எழுதிக்கொடுத்தேன். தெருவில் பாதிப்பேர் இப்போது என்னோடு காய். அந்த வரி வந்தால் இன்னொரு ஆயா போடலாம்.

பேப்பர் கேட்பதை நான் விட்டுவிடவில்லை. விடவும் மாட்டேன். ஆனால் கேட்கப்படுகிறவன் உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும், அவன் வீட்டுக்காரர்களுக்கு முதலில் போன் போட வேண்டும் என்று அடுத்த சபையில் சொல்லப்போகிறேன். இதற்குக் கைதட்ட மாட்டார்கள். பரவாயில்லை.

பிகாஷுக்குப் பத்திரிகை கொடுக்கப் போனேன். மண்டபத்தின் பேரின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றான். அந்தக் கூடத்துக்கு மறுபடி வா என்று கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை? "தப்பு என் மேல பிகாஷு" என்றேன். உன் விஷயத்தையும் சொன்னேன், எல்லாவற்றையும். இன்று ஷிஃப்ட் முடிந்து வந்தவன், கதவருகில் நின்று, "உங்க பாய்... தம்பி எப்ப வர்றாரு, திதி?" என்று கேட்டான்.

மாலைக்குச் சொல்லிவிட்டேன். சம்பங்கியும் ரோஜாவும். கவியா தெளிவாகச் சொல்லிவிட்டாள், மாமா வந்து கையைப் பிடிக்காமல் ரூமை விட்டு வெளியே வர மாட்டாளாம். நீ 25-ஆம் தேதி இறங்கு. மீனம்பாக்கத்தில் மாமா கம்பெனி பஸ்ஸோடு நிற்பார், யாரிடமும் சொல்லாதே.

உன் நம்பரை நான் இன்னும் அன்பிளாக் பண்ணவில்லை. பண்ணவும் மாட்டேன். நேரில் வந்து இரண்டு விரலை நீட்டு. பழம் விடுகிறேன்.

உன் அக்கா,
காவேரி